இன்னும் ஏற்றவில்லை

1

போன வாரம் ஷார்ஜாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் நம் பக்கத்துக்காரர்தான், போளூர் ரோட்டில் வீடு என்கிறார். முகம் தெரியாது. "சார், தீபம் நெருங்குது. உங்க இணையப் பக்கம் எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நல்லா வருது, வீட்ல வரலை. வீட்ல வேற பிரவுசர். ரெண்டுலயும் வர்ற மாதிரி பண்ணிடுங்க" என்று எழுதியிருந்தார்.

மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். எனக்குத்தான் சுருக்கென்றது. இரண்டிலும் வருகிற மாதிரி போன தீபத்துக்கு மறுநாளே செய்து முடித்துவிட்டேன். இந்த மனிதர் பழைய பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டு அதையே திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அதை அழித்துவிட்டுப் புதிதாகத் திறக்கச் சொல்லி நாலு வரியில் பதில் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். அன்று முழுக்க ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை. போன தீபத்தன்று காலையில் எங்கள் வீட்டில் நடந்தது திரும்பத் திரும்ப வந்து நின்றது. யாரிடமாவது சொன்னால்தான் ஆறும் போலிருந்தது. இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் முதலில் தீபம் என்றால் என்னவென்று விளக்க வேண்டும். ஊர்க்காரர்களான உங்களுக்கு அது வேண்டியதில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கம் விசித்திரமாகவே தெரியாது. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று யாரும் கடிகாரத்தைப் பார்த்து வீட்டில் விளக்கேற்றுவதில்லை. மலையைப் பார்த்துத்தான் ஏற்றுவோம். ஆறு மணிக்கு ஏற்றிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் மாடியில் ஏறி நின்று, உச்சியில் நெருப்பு தெரிந்த பிறகுதான் கீழே இறங்கி வந்து அகலில் திரியைப் பற்ற வைப்பது. விரதம் இருப்பவர்கள் அதற்கப்புறம்தான் வாயில் எதையாவது போடுவார்கள்.

நியூ ஜெர்சியில் எங்கே போய் மலையைப் பார்ப்பது? ஊரில் மாலை ஆறு என்றால் இங்கே காலை ஏழரை. வந்த புதிதில், 'ஏற்றியிருப்பார்கள்' என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு ஏற்றினோம். அந்த 'இருப்பார்கள்' எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அந்தப் பக்கத்தைச் செய்தேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி ஏழுமலை என்று என் பள்ளிக்கூட நண்பன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். அவன் மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும். ஏற்பாடு இதுதான்: பக்கத்தைத் திறந்தால் இருட்டில் மலைப் படம், கீழே 'இன்னும் ஏற்றவில்லை' என்று ஒரு வரி. மேலே நெருப்பு தெரிந்ததும் ஏழுமலை ஒரு போட்டோ எடுப்பான், கீழே ஓடி வந்து அதை ஏற்றிவிட்டு ஒரு பட்டனைத் தட்டுவான். அந்த நிமிஷமே பக்கம் திறந்திருக்கிற வீடுகளில் எல்லாம் படம் மாறும். 'ஏற்றியாயிற்று' என்று வரும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை.

அந்தத் 'தொட வேண்டியதில்லை' என்பதில்தான் என் கர்வம் முழுக்க இருந்தது. அப்போதெல்லாம் இணையப் பக்கம் என்றால் கடையில் பொட்டலம் வாங்குவது மாதிரி. கேட்டால் கொடுப்பார்கள், புதிதாக வேண்டுமானால் மறுபடி போய்க் கேட்க வேண்டும். ஆனால் திறந்த பக்கம் திறந்தபடியே இருக்க, உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல் மட்டும் சத்தமில்லாமல் சர்வரிடம் போய்க் கேட்டு வருவதற்கு ஒரு வசதி இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் தொடுவதில்லை. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருகிற பிரவுசரில் அதைக் கூப்பிட ஒரு முறை. மற்றவற்றுள் சிலவற்றில் கிடையவே கிடையாது, சிலவற்றில் வேறு முறை. ஆபீசில் எங்கள் மேனேஜர், "அந்தப் பக்கமே போகாதே, நாளைக்கு அது இருக்குமோ இருக்காதோ" என்பார். ஆபீசில் கையைக் கட்டிப் போட்டால் என்ன, என் சொந்தப் பக்கத்தில் ஆசை தீரப் போட்டுக்கொண்டேன். எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டரோடு வந்த பிரவுசர்தானே, அந்த ஒன்றுக்கு எழுதினால் போதாதா?

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்கப் போன ஸ்கிரிப்ட் பதில் கிடைக்காமல் திரும்பினால் என்ன செய்வது? பயமுறுத்துகிற மாதிரி எர்ரர் பெட்டி வரக்கூடாது என்று, வாயை மூடிக்கொண்டு இருட்டுப் படத்தையே வைத்திருக்கும்படி எழுதியிருந்தேன். பார்க்க அழகாக இருக்கும் என்பது என் எண்ணம்.

3

கஸ்தூரி அக்கா என் கூடப் பிறந்தவள், என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். மாவட்டம் பிரித்தபோது வேலூரிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசுக்கு வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவும் முடியாது. ஆபீசில் அவளைக் கண்டால் பெரிய அதிகாரிகளுக்கும் கொஞ்சம் உதறல்தான். நேரில் போய்ப் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். "கெணறு வெட்டியாச்சுன்னு எழுதியிருக்கு. கெணத்த பார்த்தியா நீ?" என்று கேட்பாளாம்.

விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு எங்களிடம் வந்தாள். விமான நிலையத்தில் அவள் பெட்டியைத் திறந்தார்கள். புடவைகளுக்கு நடுவே ஐம்பது அகல் விளக்கு. மண்ணா என்று கேட்டாராம் அதிகாரி. மண்ணைக் கொண்டுவரக் கூடாது என்று சட்டம். "சுட்ட மண்ணுன்னு சொன்னேன். பாவம், அவனும் வேலை செய்யறவன்தானே, ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்துட்டு விட்டான்" என்றாள். அவளுக்கு அந்த அதிகாரியைப் பிடித்துப்போனது. பிடிக்காதது இங்கத்திய குடியேற்ற அலுவலகம். ஆறு மாதத்துக்கு மேல் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பம் அனுப்பினோம், பெற்றுக்கொண்டோம் என்று ஒரு ரசீது வந்ததோடு சரி. "பைல் எந்த டேபிள்ல நிக்குதுன்னு யார்கிட்ட கேக்கறது? ஒரு பியூன்கூடவா இல்ல?" என்று தினம் ஒரு முறை திட்டுவாள்.

அவளுக்குச் சர்க்கரை ஜாஸ்தி. காலையில் இன்சுலின் ஊசி, அரைமணி கழித்துச் சாப்பாடு. அதில் தப்பவே மாட்டாள்.

என் மகள் திவ்யாவுக்கு அப்போது பதினான்கு வயது. தமிழ் புரியும், பேசினால் பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். என்னோடு பேசுவதே குறைந்திருந்தது. கேட்டதற்கு ஒரு சொல், பிறகு மாடியறைக் கதவு சாத்தும் சத்தம். அத்தையிடம் மட்டும் உட்கார்ந்து பேசுவாள். தீபத்துக்கு முதல் நாள், "அத்தை, நாளைக்குதானே மலைக்குத் தீ வெப்பாங்க?" என்று கேட்டாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தீ வெக்கறவன பாரஸ்ட்காரன் புடிச்சிக்கினு போயிடுவான்டி. தீபம் ஏத்தறதுன்னு சொல்லு" என்றாள்.

4

அன்று எங்களுக்கு விடுமுறை. என் மனைவி சுமதிக்கு மட்டும் மருந்துக்கடையில் வேலை இருந்தது. விடியுமுன்னே கிளம்பினாள், போகும்போது வாசலில் நின்று, "அண்ணி, ஊசி போட்டா சாப்பிட்டே ஆகணும். சாமி கோவிச்சுக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்கு தீபம், உடனே அடை. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. முதல் நாள் ராத்திரியே விரதம் தொடங்கியிருந்தாள். அடை மாவு தயாராக இருந்தது. பொரி உருண்டை பிடித்து வைத்திருந்தாள். அகல்களை வரிசையாக அடுக்கி எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்டர்நெட் என்று எழுதியிருந்த ஐகானைத் தட்டிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். இருட்டு மலை வந்தது. இன்னும் ஏற்றவில்லை.

ஏழரை ஆனது. மாறவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று போனது. "ஏழுமலை கூட்டத்துல மாட்டிக்கினு இருப்பான்" என்றாள் அக்கா.

ஏழே முக்கால் ஆனது. ஊருக்குப் பேசுகிற காலிங் கார்டின் நீளமான எண்களைத் தட்டி ஏழுமலைக்குப் போன் போட்டேன். எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. தீபத்தன்று ஊருக்கு எப்போது போன் கிடைத்திருக்கிறது? மறுபடி, மறுபடி, அதே பெண், அதே சாவகாசம். சிகாகோவில் ஒரு நண்பன் வீட்டிலும் இந்தப் பக்கத்தைத் திறப்பார்கள், அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வேங்கிக்காலில் கரண்ட் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். என் ஆபீஸ் லேப்டாப்பை ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்த புத்தியையும் நொந்துகொண்டேன்.

"அக்கா, நீ சாப்பிடு. ஊர்ல ஆறு தாண்டி கால் மணி ஆச்சு. ஏத்தியிருப்பாங்க."

"இருப்பாங்கன்னா? பார்த்தியா நீ?"

"வருஷா வருஷம் ஆறு மணிதானே?"

"இங்க இன்னும் ஏத்தலன்னு போட்டிருக்கே. நீதானே எழுதின? ஏத்தினா தானா மாறும், மாறலன்னா ஏத்தலன்னு அர்த்தம், இது பொய் சொல்லாதுன்னு நீதானேடா சொன்ன?"

சொன்னேன்தான். பெருமையாக, வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன்.

அவள் நெற்றியில் வியர்த்திருந்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி, வீட்டுக்குள்ளும் குளிர்தான். முந்தானையால் துடைத்துக்கொண்டாள், மறுபடி வியர்த்தது. விரலைக் குத்தி மெஷினில் சர்க்கரை பார்த்தேன். ரொம்பக் கம்மி. ஆரஞ்சு ஜூஸை ஊற்றிக்கொண்டு ஓடி வந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு வாய்க்கா, மருந்துன்னு நெனச்சுக்கோ."

"இத்தினி வருஷம் இருந்துட்டேன்டா. ஒரு அஞ்சு நிமிஷம்."

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல மயக்கம் போட்டுடுவ."

"கத்தாத. கொழந்த தூங்குது."

கத்தினேன்தான். கோபமில்லை, பயம். டம்ளரை அவள் உதட்டில் வைத்து அழுத்தினேன். பல்லை இறுக்கிக்கொண்டாள், ஜூஸ் கழுத்து வழியே புடவையில் வழிந்தது. அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிடலாம். வந்தவர்களிடம் என்னவென்று சொல்வது? மலை மேல் விளக்கு எரிவது கம்ப்யூட்டரில் தெரியவில்லை, அதனால் இவள் சாப்பிடமாட்டேன் என்கிறாள் என்றா? இங்கே வரும்போது எடுத்த காப்பீட்டில், பழைய வியாதி எதற்கும் பொறுப்பில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்திலும் அது நினைவுக்கு வந்ததே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"பஸ் வந்துடுச்சா?" என்றாள் அக்கா.

"எந்த பஸ்?"

கண் திரையில்தான் இருந்தது, ஆனால் பார்வை எங்கோ போயிருந்தது.

5

"அக்கா, சோபாவுல சாஞ்சுக்கோ. நான் என்னன்னு பார்க்கறேன்" என்று கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அங்கிருந்து திரையின் பின்பக்கம்தான் தெரியும்.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று. முந்தின வருஷம் ஏழுமலை அனுப்பிய தீபப் படம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் தேடி எடுத்தேன். திரை முழுக்க விரித்தேன். உச்சியில் நெருப்பு, கீழே ஊரின் வெளிச்சம். என்ன செய்கிறேன் என்பது நன்றாகவே தெரிந்தது. எங்கள் ஊரில் எதற்கு வேண்டுமானாலும் பொய் சொல்வார்கள், தீபம் ஏற்றியாயிற்று என்று மட்டும் யாரும் பொய் சொல்லமாட்டார்கள். சொல்வதற்கு யாருக்கும் தோன்றியதுகூட இல்லை.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"அக்கா, ஏத்திட்டாங்க. பாரு."

குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஜூஸ் குடு" என்றாள்.

டம்ளரை நானே பிடித்துக்கொண்டேன். முழுதும் குடித்தாள். இன்னொரு டம்ளர் கொடுத்தேன், அதையும் குடித்தாள். ஒரு பொரி உருண்டையை உடைத்து ஊட்டினேன். குழந்தை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கால் மணியில் வியர்வை அடங்கியது. மறுபடி சர்க்கரை பார்த்தேன், ஏறியிருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வெளக்கு ஏத்தறியாக்கா?"

"கை இன்னும் ஒதறுது. அப்புறம் ஏத்தறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் திவ்யா கண்ணைக் கசக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சிந்திய ஜூஸையும் அத்தையின் நனைந்த புடவையையும் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்றாள். பக்கம் வேலை செய்யவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"எந்த பிரவுசர்ல?"

"எதுலன்னா? இருக்கறது ஒண்ணுதானே?"

அவள் முகம் மாறியது. "அப்பா, நான் போன வாரம் பிரவுசர மாத்திட்டேன். பழசுல பாப்அப் விளம்பரமா வந்துது. இன்டர்நெட்னு எழுதியிருக்கறத தட்டினா இப்ப புதுசுதான் வரும்."

காலை அவசரத்தில் நானும் அதைக் கவனித்திருக்கவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். கேட்காமல் எதற்கு மாற்றினாய், யாரைக் கேட்டாய், அத்தைக்கு என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று வாய்க்கு வந்தபடி பொரிந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? புது பிரவுசர் நல்ல பிரவுசர்தான். அதிலும் அந்த வசதி இருந்தது, கூப்பிடும் முறைதான் வேறு. நான் எழுதிய முறையில் கூப்பிட்டால் அதற்குப் புரியாது. புரியவில்லை என்று அது சொல்லியும் இருக்கும். அந்த வாயைத்தான் நான் கட்டிப் போட்டிருந்தேனே.

திவ்யாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. என்னைத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் விரித்து வைத்திருந்த படத்தை மூடினாள். எங்கோ உள்ளே போய்ப் பழைய பிரவுசரைத் தேடி எடுத்து, அதில் பக்கத்தைத் திறந்தாள். இருட்டு மலை வந்தது. சட்டென்று படம் மாறியது. உச்சியில் நெருப்பு. ஏற்றியாயிற்று. ஏழுமலை பட்டனைத் தட்டிய நேரமும் கீழே இருந்தது, ஊர் நேரம் ஆறு தாண்டி மூன்று நிமிஷம்.

"அத்தை, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள் திவ்யா.

வேண்டாம் என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

6

அக்கா எழுந்து வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். "அண்ணாமலைக்கு அரோகரா" என்றாள், தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு நேரே போய்த் தீப்பெட்டியை எடுத்து முதல் அகலைப் பற்ற வைத்தாள். அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. கை துளிகூட நடுங்கவில்லை. திவ்யா கூடவே போய் அணையப்போன திரிகளைத் தூண்டிவிட்டுக்கொண்டு வந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரைமணி நேரமாக அத்தனை விளக்கும் எண்ணெயோடு காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒன்றைக்கூட அவள் ஏற்றவில்லை.

"அக்கா" என்றேன். "அப்ப நான் மொதல்ல காட்டினது..."

"அது போன வருஷத்துதுடா. ஏழுமலை பக்கத்துல நின்னு, இந்தப் பக்கமா எடு, அந்தப் பக்கமா எடுன்னு எடுக்கச் சொன்னவளே நான்தான். எனக்குத் தெரியாதா?" திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"தெரிஞ்சும் ஏன் குடிச்ச? விரதம்னு அவ்ளோ வீம்பு புடிச்சியே."

கையிலிருந்த தீக்குச்சியை உதறி அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"பார்க்காத தீபத்த ஏத்தியாச்சுன்னு சொல்ற அளவுக்கு பயந்துட்ட. நம்ம ஊர்ல பொறந்தவன் நீ. அதுக்கு மேல நான் பிடிவாதம் பண்ணா, நான் என்ன அக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் எதிரில் நான் அழுததே இல்லை, அன்று மறைக்கவும் தோன்றவில்லை. திவ்யா மாடிக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். அக்கா அடுப்பில் கல்லைப் போட்டுவிட்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "நீயும் நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. கையக் கழுவிக்கினு ரெண்டு பேரும் வாங்க."